பி.டி. உஷாவும் அந்த ஏழு சென்டிமீட்டரும்: கேள்வி பதில்

கே: சார், லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் உஷா பதக்கத்தை எவ்வளவில் தவறவிட்டார்?

ப: நொடியில் நூறில் ஒரு பங்கு. 1984, 400 மீட்டர் தடை ஓட்டம். ருமேனியாவின் கோஜோகாரு 55.41, உஷா 55.42. அவர்கள் ஓடிய வேகத்துக்குக் கணக்குப் போட்டால் சுமார் ஏழு சென்டிமீட்டர், ஓர் உள்ளங்கை அகலம். முதல் தடவை துப்பாக்கி வெடித்தபோது உஷா அருமையாகக் கிளம்பினார். ஆஸ்திரேலியாவின் டெபி ஃபிளிண்டாஃப் துப்பாக்கி வெடிக்கும் முன்பே கிளம்பிவிட்டதால் எல்லோரையும் திரும்பக் கூப்பிட்டார்கள். மறுபடி கிளம்பியபோது அந்தத் துள்ளல் இல்லை. கோட்டருகே நெஞ்சைச் சரியாக முன்னால் சாய்க்கவில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். கோட்டைத் தாண்டியது காலா என்று பார்ப்பதில்லை, உடம்புதான் கணக்கு.

கே: ரஷ்யர்கள் வராததால்தான் நாலாவது இடமாவது கிடைத்தது என்கிறான் என் நண்பன். சரியா?

ப: பாதி சரி. சோவியத் அணி புறக்கணித்தது. அப்போதைய உலக சாதனையும் அவர்களிடம்தான் இருந்தது. ஆனால் புறக்கணித்த நாடுகளோடு சேராமல் வந்தது ருமேனியா. நம் வெண்கலத்தைக் கொண்டுபோனதும் அதே ருமேனியாதான்! இன்னொன்றையும் நண்பரிடம் சொல்லுங்கள். உஷா அதுவரை 100, 200 ஓடியவர். 1982 டெல்லி ஆசியப் போட்டியில் இரண்டிலும் வெள்ளி. தடை ஓட்டத்துக்குப் புதுசு.

கே: பத்தாம் வகுப்புப் படிக்கிறேன், இதே ஓட்டம் ஓட ஆசை. எது கஷ்டம் அண்ணா?

ப: தடைகள் பத்து, இடைவெளி 35 மீட்டர். எத்தனை எட்டு வைக்கிறோம் என்பது களைத்த பிறகும் மாறக்கூடாது தம்பி.

கே: அவருடைய உச்சம் 1984 தானே?

ப: இல்லை. எல்லோரும் அந்தத் தோல்வியையே பேசுகிறோம், எனக்கு அது எரிச்சல். 1985 ஜகார்த்தா ஆசிய சாம்பியன்ஷிப்பைப் பாருங்கள்: 100, 200, 400, 400 தடை, 4x400 தொடர் ஓட்டம் என்று ஐந்து தங்கம், கூடவே 4x100-இல் வெண்கலம். அடுத்த வருஷம் சியோல் ஆசியப் போட்டியில் நான்கு தங்கம். 100 மீட்டரில் மட்டும் பிலிப்பைன்ஸின் லிடியா டி வேகா முந்தினார். பயிற்சியாளர் ஓ.எம். நம்பியார், கேரளத்தின் பய்யோளிக் கடற்கரை மணலில் ஓடிப் பழகிய கால்கள் அவை.

கே: அப்புறம் என்ன ஆனது?

ப: 1988 ஒலிம்பிக்கில் குதிகால் காயம், முதல் சுற்றோடு வெளியே. 1990 பெய்ஜிங் ஆசியப் போட்டியில் மூன்று வெள்ளி. கல்யாணம், குழந்தை. பிறகு திரும்பி வந்து, 1998 ஃபுகுவோகா ஆசிய சாம்பியன்ஷிப்பில் 200, 400 இரண்டிலும் வெண்கலம். அப்போது வயது 34.