வெட்டிய புல் மறுபடி வளர்ந்தது, கூலி வரி பில்லில் வந்தது

கேள்வி: கலிபோர்னியாவில் ஒரு சிறு நகரத்தில் காலி மனை வாங்கிப் போட்டிருக்கிறோம். மார்ச்சில் களையை அகற்றச் சொல்லி நகராட்சி நோட்டீஸ் வந்தது. ஆள் வைத்து வெட்டினோம். ஏப்ரலில் வேலை மாறி டெக்சாஸுக்கு வந்துவிட்டோம். புல் திரும்ப வளர்ந்ததாம், நகராட்சியே வெட்டிவிட்டு அந்தச் செலவைச் சொத்து வரி பில்லில் சேர்த்திருக்கிறது. இரண்டாவது தடவை எந்தக் கடிதமும் எங்களுக்கு வரவில்லை. கட்ட மறுக்கலாமா?

பதில்: முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். வரியை நிறுத்தி வைக்காதீர்கள். முதல் தவணையை டிசம்பர் 10-க்குள் கட்டாவிட்டால் 10 சதவீதம் அபராதம். களைச் செலவை ஏற்கவில்லை என்று நகராட்சிக்கும் கவுன்ட்டிக்கும் (மாவட்ட நிர்வாகம்) தனியாக எழுதிவிட்டுக் கட்டுங்கள். அந்தத் தொகை மனையின் மேலேயே கடனாக ஏறிவிடுகிறது, கட்டாமல் விட்டால் விற்கும்போது வந்து நிற்கும்.

சரி, நோட்டீஸ். உங்கள் வழக்கின் உயிர் இதில்தான் இருக்கிறது. கலிபோர்னியா அரசாங்கச் சட்டத் தொகுப்பில் 39560-இல் தொடங்கும் பிரிவுகள் களை அகற்றுவதைப் பற்றியவை. பருவந்தோறும் திரும்பத் திரும்ப முளைக்கும் களை என்று நகரமன்றம் முடிவு செய்திருந்தால், அதே ஆண்டில் அதே மனையில் அது மறுபடி வளரும்போது புதிதாக விசாரணை நடத்த வேண்டியதில்லை. உரிமையாளருக்கு ஓர் அஞ்சலட்டை போட்டாலே போதும் என்கிறது பிரிவு 39562.1. அது எந்த முகவரிக்கு? கவுன்ட்டியின் சொத்து மதிப்பீட்டுப் பதிவேட்டில் இருக்கும் முகவரிக்கு. நீங்கள் வீடு மாறியதை அந்தப் பதிவேட்டை வைத்திருக்கும் அசெஸர் அலுவலகத்துக்குச் சொல்லவில்லை என்றால், அட்டை பழைய வீட்டுக்குப் போயிருக்கும். "என் கைக்கு வரவில்லை" என்ற வாதம் அப்போது எடுபடுவது கஷ்டம். ஊர் மாறும் எத்தனையோ குடும்பங்கள் இதில் மாட்டிக்கொள்வதைப் பார்க்க எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

ஆனால் நகராட்சியும் தன் பங்கைச் செய்திருக்க வேண்டும். களை திரும்ப முளைப்பது என்று தீர்மானம் போட்டார்களா, அட்டையை எந்த முகவரிக்கு என்றைக்கு அனுப்பினார்கள், வெட்டுவதற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள், மனைவாரியான செலவுக் கணக்கு, அந்தக் கணக்கை நகரமன்றம் உறுதி செய்த நாள், இவ்வளவையும் பொதுப் பதிவேடுகள் சட்டத்தின்படி எழுதிக் கேளுங்கள். சில நகரங்கள் சொந்த விதியின்படி நடக்கும், எந்த விதி என்றும் கேளுங்கள். பக்கத்து மனையின் செலவு உங்கள் கணக்கில் ஏறியிருந்தாலோ, ஒரே வேலைக்கு இரண்டு முறை போட்டிருந்தாலோ, பணத்தைத் திரும்பக் கேட்க வழி இருக்கிறது. தொகை அதிகம் என்பதற்காக மட்டும் கேட்டால் அவ்வளவு வலு இருக்காது, ஏனென்றால் ஆள் கூலியோடு நிர்வாகச் செலவும் அதில் சேரும்.

"அங்கே வீடே இல்லையே, தீ பிடித்தால் என்ன எரியும்?" என்று தோன்றலாம். வீட்டைச் சுற்றி 100 அடி சுத்தமாக வைக்கச் சொல்லும் விதி கட்டடம் வைத்திருப்பவருக்கானது. களை விதி அப்படியல்ல. காய்ந்த புல்லில் பிடிக்கும் தீ உங்கள் வேலியோடு நிற்பதில்லை, பக்கத்தில் தூங்குபவர்களுடைய வீட்டுக்கும் பரவும்.

நகராட்சி ஆட்கள் வந்து சேரும்வரை நீங்களே வெட்டிக்கொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டு. அடுத்த ஆண்டு உள்ளூரில் ஒருவரிடம் வசந்தத்திலும் கோடைத் தொடக்கத்திலுமாக இரண்டு வெட்டுக்குச் சொல்லிவையுங்கள். காலை 10 மணிக்கு முன்பே வெட்டச் சொல்லுங்கள், கத்தி கல்லில் பட்டுத் தெறிக்கும் பொறியே தீயாகிவிடும். தேதி தெரியும்படி படம் வாங்கி வையுங்கள். அசெஸர் அலுவலகத்துக்கு முகவரி மாற்றத்தை மட்டும் இன்றைக்கே அனுப்பிவிடுங்கள்.