வேலைக்கான ஆப்டிட்யூட் (திறனறி) தேர்வுக்கும் நேர்காணலுக்கும் என்ன உடை போட வேண்டும்?

‘ஃபார்மல்ஸில் வாருங்கள்’ என்று அழைப்பில் இருந்தால், அலுவலகத்துக்குப் போவது போல வாருங்கள் என்று பொருள். இஸ்திரி போட்ட வெளிர்நிறச் சட்டை, அடர்நிறப் பேன்ட், ஷூ. பெண்களுக்குச் சுடிதாரோ காட்டன் புடவையோ போதும்.

வெறும் எழுத்துத் தேர்வு என்றால் இவ்வளவு யோசிக்க வேண்டாம். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4-இல் விடைத்தாளைத் தவிர வேறெதற்கும் மதிப்பெண் இல்லை. நிறுவனங்கள் கல்லூரிக்கே வந்து ஆளெடுக்கும் கேம்பஸ் தேர்வு அப்படியல்ல. காலையில் ஆப்டிட்யூட், தேறினால் மதியமே நேர்காணல் என்று வைத்துவிடுவார்கள். ஓடிப்போய்ச் சட்டை மாற்ற நேரம் இருக்காது. (கம்ப்யூட்டர் லேப் ஏசி குளிருக்கும் முழுக்கைச் சட்டைதான் நல்லது.)

சரி, உடையை ஏன் பார்க்கிறார்கள்? பந்தியில் போடும் வாழை இலை மாதிரிதான். இலை நன்றாக இருந்தால் யாரும் அதைப் பாராட்டுவதில்லை, கவனம் சாப்பாட்டில் இருக்கும். கிழிந்திருந்தால் ரசம் ஊற்றும்போதெல்லாம் கண் அங்கேயே போகும். காலர் அழுக்கும் பாதி வெளியே வந்த சட்டையும் அந்தக் கிழிசல்தான்; நீங்கள் சொல்லும் பதில் காதில் ஏறாது.

அப்புறம், கோட்டும் டையும் கட்டாயம் என்று பலர் நினைக்கிறார்கள். புதிதாக வேலைக்குச் சேர்பவர்களுக்கு, அழைப்பில் கேட்காதவரை, அது தேவையில்லை. தோளில் தொங்கும் இரவல் கோட்டைவிட அளவான சட்டையே மேல்.