ஸ்பெஷலிஸ்ட் மாநாட்டில் மாணவிக்கு என்ன வேலை?

கேள்வி: கால்நடை மருத்துவம் நான்காம் ஆண்டு படிக்கிறேன். நாய், பூனைகளின் இதய நோய்களில் ஆர்வம். உள்மருத்துவ (இன்டர்னல் மெடிசின்) ஸ்பெஷலிஸ்டுகளுக்கான மூன்று நாள் மாநாட்டுக்குப் போக ஆசை. "அங்கே பேசுவது ஒன்றும் புரியாது, காசுதான் வீண். பட்டம் வாங்கிய பிறகு போய்க்கொள்" என்கிறார்கள் சீனியர்கள். போகலாமா? போனால் என்ன செய்வது? யாரிடமாவது பேச நினைத்தாலே கூச்சமாக இருக்கிறது.
– நான்காம் ஆண்டு மாணவி

பதில்: போகலாம். சீனியர்கள் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. தயாராகாமல் போனால் முதல் நாள் மதியத்துக்குள் தலை சுற்றும். பொது மருத்துவர்களுக்கான மாநாட்டில் பேசுபவர் அடிப்படையிலிருந்து ஆரம்பிப்பார். இங்கே அடிப்படை எல்லோருக்கும் தெரியும் என்று வைத்துக்கொண்டு, இன்னும் முடிவாகாத கேள்வியிலிருந்து ஆரம்பிப்பார். நடுவில் இருக்கும் இடைவெளியை வீட்டிலேயே நிரப்பிக்கொண்டு போக வேண்டும்.

உங்கள் துறையிலேயே பாருங்கள். நாய்களின் மைட்ரல் வால்வு (இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் உள்ள வால்வு) நோய் பற்றிப் பேசுபவர் எடுத்த எடுப்பில் "இது ஒரு பி2 நாய்" என்பார். விளக்கம் சொல்ல மாட்டார். ஏசிவிஐஎம் என்ற அமெரிக்கக் கால்நடை உள்மருத்துவ அமைப்பு 2009-இல் வெளியிட்டு 2019-இல் திருத்திய கருத்தொருமிப்பு அறிக்கையை (நிபுணர்கள் கூடி ஒத்துக்கொண்ட வழிகாட்டுதலை) படித்திருந்தால், நோயின் ஒரு கட்டத்தைக் குறிக்கும் அந்த ஒரு சொல்லுக்குள் இருப்பதெல்லாம் தெரியும்: அறிகுறி இல்லை; ஸ்டெதாஸ்கோப்பில் கேட்கும் இதய முணுமுணுப்பின் அளவு 6-க்கு 3 அல்லது அதற்கு மேல்; எக்கோவில் (இதய அல்ட்ராசவுண்ட்) இடது மேலறைக்கும் பெருந்தமனிக்குமான விகிதம் 1.6 அல்லது அதற்கு மேல். இடது கீழறையும் பெரிதாகியிருக்கிறது. எக்ஸ்ரேயில் முள்ளெலும்பு இதய அளவு (இதயத்தை முதுகெலும்பின் முள்ளெலும்புகளோடு ஒப்பிட்டு அளப்பது) 10.5-ஐத் தாண்டுகிறது. இந்தக் கட்டத்தில் பிமோபெண்டான் என்ற இதய மருந்தைக் கொடுத்தால் இதயச் செயலிழப்பு தள்ளிப்போகும் என்று 2016-இல் வெளியான எபிக் ஆய்வு காட்டியது. இவ்வளவு தெரிந்தால் போதும், அரங்கில் நடக்கும் வாதம் பிடிபட ஆரம்பிக்கும். எக்கோ வசதி இல்லாத இடத்தில் எக்ஸ்ரே அளவை மட்டும் நம்பி மருந்தைத் தொடங்கலாமா என்று ஒருவர் எழுந்து கேட்டால், அவர் எதற்காகக் கேட்கிறார் என்பதும் விளங்கும்.

நிகழ்ச்சி நிரல் வந்ததும் ஒரு நாளைக்கு மூன்று உரைகளுக்கு மேல் குறிக்காதீர்கள். குறித்த ஒவ்வொன்றுக்கும் அந்த நோயின் கருத்தொருமிப்பு அறிக்கையையோ ஒரு நல்ல மறுஆய்வுக் கட்டுரையையோ முன்கூட்டியே படியுங்கள். உரைகளின் எழுத்து வடிவம் மாநாட்டுக்கு முன்பே பதிவு செய்தவர்களுக்குக் கிடைத்தால், தெரியாத சுருக்கெழுத்துகளை அதிலிருந்து எடுத்து எழுதிக்கொள்ளுங்கள். மாணவர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் நோயில் அல்ல, சுருக்கெழுத்தில்தான்.

பெரிய பெயர்கள் பேசும் அரங்கத்தை விட்டு ஒரு வேளையாவது ரெசிடென்டுகளின் (பட்டம் பெற்று ஸ்பெஷலிஸ்ட் பயிற்சியில் இருப்பவர்களின்) ஆய்வு அமர்வில் உட்காருங்கள். பத்து, பதினைந்து நிமிடத்தில் ஒரு ஆய்வு முடிந்துவிடும். பேசுபவர் உங்களைவிடச் சில வருடங்கள்தான் மூத்தவர். எத்தனை விலங்குகள், யாரை விலக்கினார்கள், ஒப்பீட்டுக் குழு எது என்று மூத்தவர்கள் குடைவதைக் கேட்டால் ஒரு கட்டுரையை எப்படிச் சந்தேகப்பட வேண்டும் என்று தெரிந்துவிடும். நாளைக்கு ரெசிடென்சிக்கு விண்ணப்பிக்கும் எண்ணம் இருந்தால், அந்த வாழ்க்கையை நேரில் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது.

கூச்சத்துக்கு என் மருந்து, ஆய்வுகளைச் சுவரொட்டியாக வைத்திருக்கும் போஸ்டர் கூடம். குறித்த நேரத்தில் ஆய்வாளர் தன் போஸ்டர் பக்கத்தில் நின்றே ஆக வேண்டும். பாதி நேரம் தனியாகத்தான் நிற்பார். யாராவது கேட்க மாட்டார்களா என்று அவரே காத்திருப்பார். முதலில் போஸ்டரை முழுதாகப் படியுங்கள். பிறகு, "இந்த நோயாளிகளை ஏன் விலக்கினீர்கள்?", "மறுபடி செய்தால் எதை மாற்றுவீர்கள்?" போல ஒரே ஒரு கேள்வி போதும். பெரிய பேச்சாளர்களை உரை முடிந்ததும் சூழ்ந்துகொள்ளும் கூட்டத்தில் முண்டியடிக்க வேண்டாம். எடுத்த எடுப்பில் "உங்களிடம் இன்டர்ன்ஷிப் கிடைக்குமா?" என்று கேட்கவே கூடாது. பேச்சு நன்றாகப் போனால், "உங்கள் மருத்துவமனையில் மாணவர்கள் சில நாள் வந்து பார்க்க என்ன வழி?" என்று கேட்கலாம், பதில் சொல்ல எளிதான கேள்வி அது. ஓரிரு நாளில் ஐந்து வரி மின்னஞ்சல் அனுப்புங்கள்: எங்கே பேசினோம், எந்த விஷயம் பயன்பட்டது, என்ன கேட்கிறீர்கள். அவர் கேட்காமல் சுயவிவரத்தை இணைக்காதீர்கள்.

பணத்துக்கு வருவோம். நடத்தும் சங்கத்தில் மாணவர் உறுப்பினர் ஆக முடியுமா என்று முதலில் பாருங்கள். சந்தாவையும் உறுப்பினருக்கான மாநாட்டுக் கட்டணத்தையும் கூட்டிப் பார்த்தால், உறுப்பினர் அல்லாதவர் கட்டுவதைவிடக் குறைவாக வருவது உண்டு. மாணவர் சலுகைக்குக் கல்லூரிக் கடிதம் கேட்பார்கள். அது கைக்கு வருவதற்குள் முன்பதிவுச் சலுகைத் தேதி கடந்துவிடுவதுதான் வழக்கமான சிக்கல். அதனால் கடிதத்தை முதலில் வாங்கி வையுங்கள். அரங்க வாசலில் அட்டை சரிபார்ப்பது, மைக் கொண்டு போய்க் கொடுப்பது போன்ற வேலைக்கு மாணவத் தன்னார்வலர்களை எடுத்துக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யும் மாநாடுகள் உண்டு. அறிவிப்பு இல்லாவிட்டாலும் அமைப்பாளருக்கு எழுதிக் கேளுங்கள். எக்கோ போன்ற செய்முறைப் பயிற்சிகளுக்குத் தனிக் கட்டணம் இருக்கும்; பட்டம் பெற்றவர்களுக்கு மட்டும் என்றும் இருக்கலாம். பணம் கட்டுவதற்கு முன் அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

கண்காட்சிக் கூடத்தில் பை, பேனா எல்லாம் இலவசம்தான். ஆனால் உங்கள் மாநாட்டு அட்டையை ஸ்கேன் செய்யும் ஒவ்வொரு கடைக்கும் உங்கள் மின்னஞ்சல் போகிறது. நிறுவனம் நடத்தும் மதிய உணவு உரைக்கும் தாராளமாகப் போங்கள். பேசுபவர் யாரிடம் பணம் பெற்றார் என்று சொல்லும் ஸ்லைடு வரும்போது மட்டும் தட்டிலிருந்து தலையை நிமிர்த்துங்கள். வெளியாகாத ஆய்வுத் தரவைப் படம் எடுக்கக் கூடாது என்ற விதி பல மாநாடுகளில் உண்டு. எடுக்கலாம் என்றாலும், நூறு ஸ்லைடு படத்தை யாரும் திரும்பப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு உரைக்கும் ஒரே பக்கம் எழுதுங்கள்: எந்த நோயாளிக்கு, எந்தப் பரிசோதனை, அதன் பிறகு முடிவு எப்படி மாறுகிறது, எனக்குப் புரியாதது எது. அன்றிரவே புரியாததைத் தேடிவிடுங்கள். அடுத்த நாள் புதிதாக ஒரு மூட்டை வந்து சேரும்.

அடுத்த முறை ஒரு கேஸையே கொண்டு போகலாம். ஆய்வுச் சுருக்கத்துக்கான கடைசித் தேதி பல மாதங்கள் முன்னதாகவே முடிந்துவிடும். விலங்கின் உரிமையாளரின் எழுத்துச் சம்மதமும், சிகிச்சை அளித்த ஆசிரியரின் ஒப்புதலும் கையில் வேண்டும். "முடிவுகள் மாநாட்டில் விவரிக்கப்படும்" என்று முடியும் சுருக்கத்தைத் தேர்வுக்குழு ஒதுக்கிவிடும். எண்ணோடு முடிவை எழுதுங்கள். தேர்வானாலும், படைப்பவர் பதிவுக் கட்டணம் கட்டியாக வேண்டியிருக்கும்.

கடைசியாக, கிளினிக் ரொட்டேஷன் (மருத்துவமனைப் பிரிவுகளில் முறைவைத்துச் செய்யும் பயிற்சிப் பணி). மூன்று நாள் விடுப்பை வாய்மொழியாகக் கேட்காமல் எழுதிக் கேளுங்கள். உங்கள் இரவுப் பணியை யார் பார்ப்பார் என்று ஏற்பாடு செய்துவிட்டு, அவர் பெயரையும் அதே கடிதத்தில் எழுதிவிடுங்கள்.