மூளைக்கு எத்தனை ஜிபி?

கேள்வி: கம்ப்யூட்டருக்குச் சொல்வதுபோல மனித மூளைக்கும் இத்தனை ஜிபி என்று கணக்குச் சொல்ல முடியுமா?

பதில்: பல எண்கள் உலவுகின்றன, எதையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். ஜிபி கணக்கு கம்ப்யூட்டரின் தற்காலிக நினைவகமான ராமுக்கு (RAM) பொருந்தும். அதில் ஒவ்வொரு பிட்டுக்கும், அதாவது 0 அல்லது 1 என்ற ஒவ்வொரு துளித் தகவலுக்கும், மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் ஒரு நுண்ணிய கெப்பாசிட்டர். மின்னூட்டம் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. அது கசிந்துகொண்டே இருப்பதால், வழக்கமாக 64 மில்லி விநாடிக்கு ஒருமுறை படித்துத் திரும்ப எழுதுவார்கள். ஒவ்வொரு இடத்துக்கும் முகவரி உண்டு. கேட்டால், எழுதியது எழுதியபடி வரும்.

மூளையில் முகவரி கிடையாது. சுமார் 8,600 கோடி நியூரான்கள், அதாவது நரம்பு செல்கள். அவற்றில் பல, ஆயிரக்கணக்கான மற்ற நியூரான்களோடு சினாப்ஸ் என்ற இணைப்பு வழியாகத் தொடர்பு வைத்திருக்கின்றன. எந்த சினாப்ஸ் வலுத்தது, எது தளர்ந்தது என்பதில்தான் நினைவு இருக்கிறது. ஒரே சினாப்ஸ் பல நினைவுகளுக்கும் பங்காளி. பிறகு எதை எண்ணி ஜிபி சொல்வது?

எப்போதோ பயன்படுத்திய சோப்பின் மணம் வந்தால் போதும், அந்தக் குளியலறையே கண்முன் வந்துவிடும். துணுக்கைப் பிடித்து மீதியை மூளையே கட்டி எழுப்புகிறது. விட்டுப்போன இடத்தை ஊகத்தால் நிரப்பிவிடுகிறது. நேரில் பார்த்த சாட்சி சட்டையின் நிறத்தை மாற்றிச் சொன்னால், அவர் பொய் சொல்கிறார் என்று முடிவுகட்டுவது பெரிய அநியாயம்.

கேள்வி: பிராசசர் விநாடிக்கு 300 கோடி முறை துடிக்கிறது. நியூரான் சில நூறு முறைதான். அப்படியிருந்தும் தெரிந்த முகத்தைச் சட்டென்று கண்டுகொள்கிறோமே?

பதில்: முகம் என்று மூளை பிரித்தறிய ஏறத்தாழ 170 மில்லி விநாடி ஆகிறது. அதற்குள் ஒன்றன்பின் ஒன்றாகச் சில டஜன் படிகளுக்குமேல் நடக்க வழியில்லை. ஆனால் ஒவ்வொரு படியிலும் லட்சக்கணக்கான நியூரான்கள் சேர்ந்து இயங்குகின்றன. 47ஐ 68ஆல் மனக்கணக்காகப் பெருக்கிப் பாருங்கள். 376 வந்ததும் அதைப் பிடித்துக்கொண்டே 2,820 கண்டுபிடிக்க வேண்டும். அதற்குள் முதல் எண் நழுவிவிடும். வரிசையாகச் செய்யும் வேலையில் கம்ப்யூட்டரை நாம் நெருங்கவே முடியாது.

கேள்வி: மூளைக்கு வெறும் 20 வாட் எப்படிப் போதுகிறது?

பதில்: கம்ப்யூட்டரில் கணக்குப்போடும் இடம் வேறு, நினைவகம் வேறு. 1945ல் கணிதமேதை வான் நியூமன் எழுதிய அறிக்கையிலிருந்து வரும் அமைப்பு இது. இரண்டு எண்களைக் கூட்டுவதைவிட, அவற்றை ராமிலிருந்து கொண்டுவர நூற்றுக்கணக்கான மடங்கு ஆற்றல் செலவாகும். மூளையில் நினைவைத் தாங்கும் சினாப்ஸே கணக்கையும் செய்கிறது. போக்குவரத்துச் செலவு குறைவு. தவிர, எந்த நேரத்திலும் பெரும்பாலான நியூரான்கள் அமைதியாகவே இருக்கும்.