மாடியில் புறாக்கள்: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

என் மகனுக்குப் பத்து வயது. இரண்டு ஆண்டுகளாகப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கிறோம். பிள்ளையின் ஆர்வம் போகும் வழியிலேயே விட வேண்டும் என்று நீங்கள் எழுதியதைப் படித்துத்தான் துணிந்தோம். எட்டு மாதமாக அவனுக்கு மாடியிலுள்ள புறாக்களைத் தவிர வேறு நினைப்பே இல்லை. அதை வைத்தே கணக்குச் சொல்லிக்கொடுக்கலாம் என்று தீவனக் கணக்குகள் எழுதித் தந்தேன். இரண்டு நாள் போட்டான். பிறகு புறாக்களைப் பற்றித் தானாக எழுதிவந்த நோட்டையும் ஒளித்துவைத்துவிட்டான். ‘புறா வளர்த்து எவன் உருப்பட்டான்?’ என்கிறார் மாமனார். ஒன்றும் செய்யாமல் பார்த்துக்கொண்டிருப்பதுதான் நீங்கள் சொல்லும் கல்வியா?

ஒரு தாய், ஒத்தக்கடை

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து முடித்த பிறகும் அந்த நோட்டையே நினைத்துக்கொண்டிருந்தேன். அதில் என்ன இருந்தது என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் புறா வளர்க்கும் பையன்களின் நோட்டுகள் சிலவற்றைப் பார்த்திருக்கிறேன் என்பதால் ஓரளவு ஊகிக்க முடிகிறது. எந்த ஜோடி என்றைக்கு முட்டையிட்டது, குஞ்சு எப்போது பொரியும் என்பவைதாம் பெரும்பாலும் இருக்கும். முதல் முட்டைக்கும் இரண்டாவதற்கும் இடையே ஏறத்தாழ 44 மணி நேரம் ஆகும். 17, 18 நாள்களில் குஞ்சு வெளிவரும். பகலில் பெரும்பகுதி ஆணும், மாலையிலிருந்து மறுநாள் காலைவரை பெண்ணும் அடையில் இருக்கும். இவற்றை நாள் எண்ணிக் குறித்துவந்த பிள்ளை ஏற்கெனவே கணக்குப் போட்டுக்கொண்டுதான் இருந்தான். ஒரு புறாவுக்கு நாளைக்கு 30 கிராம் என்றால் 14 புறாக்களுக்கு ஒரு வாரத்துக்கு எவ்வளவு என்று நீங்கள் கேட்டிருந்தால், அதன் விடை உங்களுக்குத் தெரியும் என்பதும் அவனுக்குத் தெரியும். அவன் கேட்ட கேள்விக்கோ விடை கூட்டுக்குள் இருந்தது, காத்திருந்துதான் பார்க்க வேண்டும்.

இதே தவற்றை நானும் செய்திருக்கிறேன். என் மகள் ஒன்பது வயதில் பக்கத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மல்லிகை கட்டப் பழகினாள். முழத்துக்கு எத்தனை பூ, நூறு கிராமுக்கு எத்தனை முழம் என்று நான் ஓர் அட்டவணை போட்டுக் கொடுத்தேன். மறுநாளிலிருந்து அவள் அந்தப் பக்கமே போகவில்லை. ‘பிள்ளை பூக்கட்ட வந்துச்சா, பரீட்சை எழுத வந்துச்சா?’ என்று அந்த அம்மாள் என்னைக் கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

அதற்காகச் சும்மா இருங்கள் என்று நான் சொல்லவில்லை. விஷயம் தெரிந்த மனிதர்களிடம் அவனைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது உங்கள் வேலை. மதுரையில் வானில் குட்டிக்கரணம் போடும் கர்ணப் புறாக்களைப் பல காலமாகப் பறக்கவிட்டு வருகிற பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய மாடிக்கு அழைத்துப்போய் நீங்கள் ஓரமாக உட்கார்ந்திருங்கள், பேச்சு அவர்களுக்குள் நடக்கட்டும். பொரித்த குஞ்சுக்குத் தாய், தந்தை இரண்டுமே தொண்டைப்பையில் ஊறும் பாலை ஊட்டுவதை அவன் கவனித்து, பறவைக்குப் பால் எப்படி என்று கேட்கும் நாளில் நத்தம் சாலையிலுள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குக் கூட்டிப்போங்கள். அவன் கேட்பதற்கு முன்னால் வேண்டாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் பிள்ளையே தீர்மானிக்க வேண்டும் என்ற கட்சியில் நான் இல்லை. நாளுக்கு அரைமணி நேரம் வாசிப்பும் மனக்கணக்கும் வேண்டும் என்று நீங்கள் நினைத்தால், அது அம்மா கேட்கிற வேலை என்று நேராகச் சொல்லிச் செய்ய வையுங்கள். பிள்ளைகள் அதற்கு முணுமுணுத்தபடியாவது உட்கார்ந்துவிடுவார்கள். பாடத்தைப் புறாவுக்குள் ஒளித்துவைப்பதைத்தான் மன்னிக்க மாட்டார்கள். (என் மகளிடம் எழுதிப் பழகச் சொல்லிக் கேட்காமலே விட்டேன், அவளுடைய கையெழுத்தை இன்றுவரை மருந்துக்கடைக்காரர்கள்தாம் படிக்க முடியும்.)

உங்கள் மாமனாரின் கவலையிலும் நியாயம் இருக்கிறது. 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயதுவரையிலான பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது; வீட்டுக் கல்வியைப் பற்றி அது எதுவும் பேசவில்லை. ஆகவே சான்றிதழுக்கான வழியை இப்போதே அவரிடம் சொல்லிவிடுவது நல்லது. 12½ வயது நிறைந்தால் தனித்தேர்வராக எட்டாம் வகுப்புத் தேர்வு எழுதலாம். 14 வயதில் தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வழியாகப் பத்தாம் வகுப்பு எழுதலாம்.

நோட்டைத் தேடாதீர்கள். அவனை ஒரு நாள் மதுரைக்குப் பக்கத்திலுள்ள அரிட்டாபட்டிக்கு அழைத்துப் போங்கள். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அந்தக் குன்றுகளில் லகர் வல்லூறும் ஷாஹீன் வல்லூறும் இருக்கின்றன. புறா வளர்ப்பவனுக்குத் தன் எதிரியின் வீட்டைப் பார்க்கும் ஆசை இல்லாமல் இருக்காது. அதே குன்றில் ஈராயிரம் ஆண்டுப் பழமையான தமிழி (தமிழ் பிராமி) எழுத்துக் கல்வெட்டும் இருக்கிறது. அதைச் சுட்டிக்காட்ட உங்கள் கை பரபரக்கும். கையைக் கட்டிக்கொண்டு வானத்தைப் பாருங்கள்.