சுற்றுலா ரயிலில் ஒரு கோடை: கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

சுற்றுலா ரயில்களைப் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். பாம்பன் பாலத்தின் மேல் பயணிகள் கடலைப் பார்த்து ஆர்ப்பரிக்கும்போது, அதே ரயிலில் வேலை செய்பவர்கள் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள் என்று அதில் ஒரு வரி வருகிறது. அது சற்று மிகையோ என்று எனக்குத் தோன்றியது.

நான் மண்டபத்தைச் சேர்ந்தவன். கேட்டரிங் பட்டயப் படிப்பு முடித்திருக்கிறேன். அப்பா விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால் அந்த 61 நாளும் வீட்டில் நிவாரணத் தொகையைத் தவிர வேறு வருமானம் கிடையாது. இந்தக் கோடைக்கு ஒரு சுற்றுலா ரயிலில் பெட்டி உதவியாளராக வரச்சொல்லி அழைப்பு வந்திருக்கிறது. "சம்பளமும் வாங்கிக்கொண்டு நாட்டையும் சுற்றிப் பார்க்கலாம்" என்கிறார் ஆள் எடுப்பவர். உள்ளூர் ஐஸ் கம்பெனியிலோ இதைவிடக் கூடுதலாகவே தருகிறார்கள். "கடலையும் கோயிலையும் பார்க்க ஊரை விட்டுப் போவானேன்" என்று அப்பா சிரிக்கிறார். நான் போகலாமா, ஐயா?

ஒரு வாசகர், மண்டபம்

அன்புள்ள தம்பி,

அந்த வரியில் மிகை இல்லை. உச்சிப்புளியைத் தாண்டியதும் ரயிலுக்குள் நடப்பதைச் சொன்னால் உங்களுக்கே விளங்கிவிடும். வடக்கிலிருந்து ராமேஸ்வரம் வரும் யாத்திரை ரயிலில், பழைய பாலம் இயங்கிய காலத்தில், சில கோடைகள் நான் வேலை பார்த்திருக்கிறேன். ராமநாதபுரத்தில் வண்டி நின்று புறப்பட்டதும் டீ கொடுக்கத் தொடங்குவோம். மண்டபம் வருவதற்குள் அத்தனை கோப்பைகளையும் திரும்ப வாங்கிவிட வேண்டும் என்பது சூப்பர்வைசரின் கண்டிப்பான உத்தரவு. காரணம் எளியது. கடல் கண்ணில் பட்ட கணத்தில் பெட்டியில் இருக்கும் அத்தனை பேரும் எழுந்துவிடுவார்கள்; கையில் டீ இருந்தால் அது பக்கத்து இருக்கைக்காரர் மடியில்தான் போய்ச் சேரும். பிறகு எல்லோரும் கதவுப் பக்கம் நகர்வார்கள். கைப்பிடிச் சுவர் இல்லாத அந்தப் பாலத்தில், திறந்த கதவுக்குக் கீழே நேரே தண்ணீர்தான். சிலர் காசு வீசுவார்கள், சிலர் குழந்தையைத் தூக்கிக் காட்டுவார்கள். பெட்டிக்கு ஒருவராக நாங்கள் கதவை மறித்து, இரண்டு கைகளாலும் கம்பிகளைப் பற்றிக்கொண்டு, பயணிகளைப் பார்த்தபடி நிற்போம். அப்படி நிற்பவனின் முதுகு வேறு எந்தப் பக்கம் இருக்க முடியும்?

திரும்பும் பயணம் இன்னும் கடினமானது. அக்னி தீர்த்தத்தில் முழுகி, கோயிலுக்குள் 22 தீர்த்தங்களிலும் நனைந்து வந்தவர்கள், ஈரத் துணியை ஜன்னல் கம்பியிலும் மேல் படுக்கைக்கு ஏறும் ஏணியிலும் காயப்போடுவார்கள். பெட்டி முழுவதும் உப்பும் ஈரமும் கலந்த வாடை அடிக்கும். காலில் ஒட்டி வந்த மணலை எல்லோரும் கை கழுவும் தொட்டியில்தான் கழுவுவார்கள். மணல் இறங்கி வடிகுழாய் அடைத்துக்கொள்ள, குச்சியை விட்டுக் குத்தி எடுப்பது பெட்டி உதவியாளரின் வேலை. ஆளாளுக்கு உப்பைக் கழுவிக் கழுவி மானாமதுரைக்குள் தொட்டித் தண்ணீர் தீர்ந்துவிடும். மதுரையில் தண்ணீர் ஏற்றும்வரை விழும் வசவும் நம் கணக்கில்தான். ஆள் எடுப்பவர் இதையெல்லாம் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்.

இங்கேதான் அவருடைய வாக்கியத்தைச் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். சுற்றிப் பார்ப்பதைச் சம்பளத்தோடு சேர்த்துச் சொல்வதன் உள்நோக்கம், சம்பளம் குறைவாக இருப்பதை நீங்கள் கேட்காமல் இருக்க வேண்டும் என்பதே. உங்கள் அப்பா பாக் நீரிணையில் எத்தனையோ விடியல்களைப் பார்த்திருப்பார். அந்த விடியலுக்கான விலையைக் கழித்துக்கொண்டு மீதியைப் பங்காகக் கொடுங்கள் என்று படகு உரிமையாளரிடம் அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அவருடைய சிரிப்பில் இருக்கும் கணக்கு எனக்குப் பிடித்திருக்கிறது. காட்சிக்குப் பயணி பணம் கொடுத்துவிட்டார். அதே காட்சியை உங்கள் கூலியிலிருந்து இன்னொரு முறை கழிப்பது நியாயமில்லை.

ஆனாலும் போகவே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. எந்த ரயில், அது இரவில் ஓடுகிறதா என்பதைப் பொறுத்தே இந்த வேலை மனிதர் செய்யக்கூடியதாகவோ செய்ய முடியாததாகவோ ஆகிறது. கனடாவின் ராக்கி மலைகளில் கோடைதோறும் ஓடும் ராக்கி மவுன்டனீர் பகலில் மட்டுமே ஓடுகிறது. மாலையில் பயணிகள் ஊரில் இறங்கி ஓட்டலில் தங்கிவிடுகிறார்கள். நம் நீலகிரி மலை ரயிலும் பகல் வண்டிதான். மேட்டுப்பாளையத்தில் காலையில் புறப்பட்டு, 46 கிலோமீட்டர் ஏறி, நண்பகலை ஒட்டி உதகை போய்ச் சேர்கிறது. நம் பக்கத்து யாத்திரை ரயில்களில் பயணி வண்டியிலேயே தூங்குகிறார். நீங்கள் கண்ணயரும்போது போர்வை கேட்டு ஒருவர் உங்களை எழுப்புவார், குளிர்ச்சி அதிகம் என்று இன்னொருவர் எழுப்புவார், அதிகாலை நாலரைக்கு அடுப்படியில் டீக் கொதித்தாக வேண்டும். உங்களுக்கென்று படுக்கை ஒதுக்கியிருக்கிறார்களா, அல்லது போர்வை மூட்டைகள் அடுக்கிய கழிவறை ஓரத்து இடத்தில்தான் தலை சாய்க்க வேண்டுமா என்பதே நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி. சம்பளத் தொகையைக்கூட அதற்குப் பிறகு கேளுங்கள்.

நீலகிரி ரயிலைக் குறிப்பிட்டதால் ஒன்று சொல்லிவிடுகிறேன். கல்லாறிலிருந்து குன்னூர் வரை பன்னிரண்டு அடிக்கு ஓரடி உயரும் அந்தச் சரிவில், இன்ஜின் பின்னாலிருந்துதான் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு ஏறுகிறது. ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பிரேக்ஸ்மேன் இருப்பார். முன் பெட்டியின் திறந்த மேடையில் நிற்பவருக்கு முன்னால் இன்ஜின் இல்லை, புகை இல்லை. காடும் பள்ளத்தாக்கும் குகைவழிகளும் முழுதாக விரிகின்றன. அந்த ரயிலிலேயே மிகச் சிறந்த இடம் அவருடையது. அவர் கண்ணோ தண்டவாளத்திலும் கை பிரேக்கிலும் இருக்கும். அவரைப் பார்த்து நான் பரிதாபப்பட்டதில்லை. காட்சியைப் பற்றி அவரிடம் யாரும் பொய் சொல்லி ஆள் சேர்க்கவில்லை. செய்வதற்குரிய ஒரு பொறுப்பைத் தந்திருக்கிறார்கள்.

உங்களுக்கும் அப்படி ஒரு பொறுப்பு வாய்க்கக்கூடும். சீருடை போட்டவர் உள்ளூர்க்காரர் என்று தெரிந்துவிட்டால் பயணிகள் கேள்விமேல் கேள்வி கேட்பார்கள். இலங்கை எந்தப் பக்கம், ஒருபுறம் கடல் பொங்குவதும் மறுபுறம் அடங்கிக் கிடப்பதும் ஏன் என்றெல்லாம் கேட்பார்கள். ஆண் கடல், பெண் கடல் என்று பிரித்துப் பேசும் ஊரில் பிறந்தவருக்கு இவற்றைச் சொல்லித்தர ஆள் தேவையில்லை. தவறாமல் வரும் கேள்வி ஒன்று உண்டு: 1964இல் புயலில் போன ரயில் இந்தப் பாலத்திலிருந்துதானே விழுந்தது? வழிகாட்டிகள் பலர் ஆமாம் என்று சொல்லிவிடுகிறார்கள், பாலத்தின் மேல் வைத்து அதைச் சொன்னால் கேட்பவருக்கு மயிர்க்கூச்செறியும் என்பதற்காக. டிசம்பர் 22 இரவில் அந்தப் பாம்பன் - தனுஷ்கோடி பாசஞ்சரை அலை கொண்டுபோனது பாலத்தில் அல்ல. தீவின் மறுகோடியில், தனுஷ்கோடியை நெருங்கும் வேளையில். நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். பாலத்திற்கும் அதே புயலில்தான் பெரும் சேதம். அதை 46 நாளில் சீர்செய்த குழுவை நடத்தியவர் ரயில்வே பொறியாளர் ஈ.ஸ்ரீதரன். இவ்வளவையும் இரண்டு நிமிடத்தில் சரியாகச் சொல்லிவிடலாம். செத்தவர்களின் உறவினர்கள் இன்னும் நம் தீவில் வாழ்கிறார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு சொன்னால் குரலும் தானாக அளவுக்கு வந்துவிடும்.

2025 ஏப்ரல் 6இல் திறந்த புதிய பாலத்தில் வண்டி பழைய பாலத்தைப்போல ஊர்வதில்லை. கால் மணி நேரம் அளவுக்கு நீண்ட காட்சி இப்போது சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. அதனால் நெரிசல் குறைந்துவிடும் என்று எண்ண வேண்டாம். அதே ஆட்கள் அதே கதவுக்குக் குறைந்த நேரத்தில் ஓடி வருவார்கள்.

இனி ஒப்பந்தம். 2021 நவம்பரில் ரயில்வே அறிவித்த பாரத் கௌரவ் திட்டத்தின்படி தனியாரும் ரயிலை எடுத்துச் சுற்றுலா நடத்தலாம். 2022 ஜூனில் கோவையிலிருந்து ஷீரடிக்குப் போனது அவ்வகையில் முதல் வண்டி. ஓட்டுபவரும் கார்டும் ரயில்வே ஊழியர்கள், உணவும் படுக்கையும் வேறொருவர் பொறுப்பு. அவர் உள்குத்தகைக்கு விட்டிருந்தால் உங்களுக்குச் சம்பளம் தரவேண்டியவர் மூன்றாவது ஆள். என்னை வேலைக்கு எடுத்த நிறுவனம் ஒரு கோடையில் கடைசி மாதச் சம்பளத்தைச் சீருடைக்கும் உடைந்த கோப்பைகளுக்கும் கழித்துக்கொண்டது. யாரிடம் போய்க் கேட்பது என்றே எங்களுக்குத் தெரியவில்லை. ஆகவே சம்பளம் தருபவரின் பெயரும் முகவரியும் தாளில் இருக்கட்டும். மாதச் சம்பளமா, பயணத்துக்கு இவ்வளவா என்பதும், இரண்டு பயணங்களுக்கு நடுவே சும்மா நிற்கும் நாட்களுக்குக் கூலி உண்டா என்பதும் எழுத்தில் வேண்டும். டிப்ஸைக் காட்டிச் சம்பளத்தைக் குறைக்கிறார் என்றால் யோசிக்காமல் ஐஸ் கம்பெனிக்குப் போய்விடுங்கள். படுக்கையும் தாளும் சரியாக இருந்தால், கொஞ்சம் குறைந்த பணத்துக்கும் இந்த ஒரு கோடை போய்வரலாம் என்பது என் கருத்து. படித்த படிப்புக்கு ஓடும் அடுப்படியைவிடக் கடினமான பயிற்சிக்கூடம் கிடையாது.

ஒப்பந்தத்தின் கடைசித் தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். கோடைக்கால வண்டிகள் பெரும்பாலும் ஜூன் இறுதிவரை ஆளை விடாது. தடைக்காலம் 14ஆம் தேதியோடு முடிகிறது. முதல் வாரக் கடலுக்கு நீங்களும் கூட வருவீர்கள் என்று அப்பா எதிர்பார்த்திருந்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன்பே அவரிடம் பேசிவிடுங்கள்.