சீனர்கள் எல்லோரும் ஒரே இனமா? அந்த அடையாளம் எங்கே தொடங்கியது?

நூறு கோடிக்கு மேல் இருக்கும் ஹான் சீனர்கள் எல்லோரும் ஒரே மூதாதையர் வழிவந்தவர்களா, இந்த அடையாளம் எப்போது தொடங்கியது என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் கேள்விக்குப் பதில், இல்லை. இரண்டாவதற்கு ஒரே தேதி சொல்ல முடியாது. எழுத்தும் சடங்கும் மூவாயிரம் ஆண்டுப் பழசு. 'நாமெல்லாம் ஒரே ரத்தம்' என்ற பேச்சு இன்றைய வடிவத்தில் சுமார் நூற்றிருபது ஆண்டுகளாகத்தான் இருக்கிறது.

மஞ்சள் ஆற்றங்கரையில் பிறந்த நாகரிகம் நாலாபக்கமும் பரவியது என்பது பழைய பாடம். அகழாய்வுகள் அதைக் கலைத்துப் போட்டுவிட்டன. தெற்கே ஹாங்சோ அருகில் லியாங்சூ மக்கள் ஏறக்குறைய 5,000 ஆண்டுகளுக்கு முன்பே அணை கட்டி, நெல் விளைவித்து, ஜேட் கல்லில் நுணுக்கமாகச் செதுக்கியிருக்கிறார்கள். சிச்சுவானில் சான்ஷிங்துவி என்ற இடத்தில் 1986-ல் தோண்டியபோது, கண்கள் உருளை போல வெளியே துருத்திய பெரிய பெரிய வெண்கல முகங்கள் கிடைத்தன. கிட்டத்தட்ட அதே காலத்தில் வடக்கே ஆண்ட ஷாங் அரசர்களின் கலையில் அப்படி ஒரு முகம் கிடையாது.

ஆனால் எழுத்து ஷாங் பக்கம் இருந்தது. தலைநகர் ஆன்யாங்கில் அவர்கள் ஆமை ஓட்டிலும் மாட்டின் தோள்பட்டை எலும்பிலும் சூடு வைத்து, விழும் விரிசலைப் பார்த்துக் குறி கேட்டார்கள். மழை வருமா, அரசருக்குப் பல்வலி ஏன், அரசிக்குப் பிரசவம் நல்லபடி ஆகுமா என்ற கேள்விகளை அந்த எலும்பிலேயே பொறித்தும் வைத்தார்கள். கி.மு. 1250 வாக்கில் தொடங்கும் அந்த எழுத்தின் நேரடி வாரிசுதான் இன்றைய சீன எழுத்து.

ஷாங்கை வீழ்த்திய சோவ் வம்சம் மேற்கிலிருந்து வந்தது. 'நாம் ஹுவாஷியா (சீனர்களின் பழைய பெயர்), அவர்கள் காட்டுமிராண்டிகள்' என்ற பிரிப்பு சோவ் காலத்துச் சிற்றரசுகளுக்குள் மெல்ல உருவானது. பிரித்துப் பார்த்தது எதை வைத்து? கன்பூசியஸ் ஓரிடத்தில் சொல்கிறார்: குவான் சோங் என்ற அமைச்சர் மட்டும் இல்லாதிருந்தால் நாம் இன்று தலைமுடியை விரித்துப் போட்டுக்கொண்டு, அங்கியை இடப்பக்கம் முடிந்துகொண்டு திரிவோம். இடது மடிப்பை மேலே போட்டு வலப்பக்கம் முடிந்தால் நம்மவர். மாற்றி முடிந்தால் அந்நியர். கன்பூசியஸ் வழிவந்த சிந்தனையாளர் மென்சியஸ் இன்னும் ஒரு படி மேலே போய், புனித அரசர்களான ஷுன்னும் வென்னும் பிறப்பால் கிழக்கு, மேற்கு 'யி' மக்கள்தான், அதாவது அந்நியர்கள்தான் என்கிறார். ரத்தப் பேச்சே இல்லை என்று சொல்ல மாட்டேன். 'நம் குலம் அல்லாதவன் மனசும் வேறாகத்தான் இருக்கும்' என்ற வரியும் அந்தக் காலத்து நூல்களில் இருக்கிறது. எது தேவையோ அதை எடுத்துக்கொண்டார்கள்.

சின் பேரரசு கி.மு. 221-ல் நாட்டை ஒன்றாக்கி எழுத்தையும் ஒரே சீராக்கியது. பின்னால் வந்த ஹான் வம்சம் நாலு நூற்றாண்டு ஆண்டது. ஹான் என்ற பெயர் அங்கிருந்து வந்ததுதான்.

எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த பகுதி வட வெய் வம்சம். புல்வெளியிலிருந்து வந்த ஷியன்பெய் மக்கள் வட சீனாவை ஆண்டார்கள். அவர்களின் பேரரசர் ஷியாவ்வென் 494-ல் தலைநகரைத் தெற்கே லுவோயாங்குக்கு மாற்றினார். ஷியன்பெய் உடைக்குத் தடை. அரசவையில் முப்பது வயதுக்குக் கீழே உள்ளவர்கள் தாய்மொழியில் பேசினால் பதவி இறக்கம். வயதானவர்களுக்கு மட்டும் கொஞ்சம் சலுகை. 496-ல் தன் சொந்தக் குலப்பெயரான துவோபாவையே யுவான் என்று மாற்றிக்கொண்டார். பட்டத்து இளவரசனுக்கோ இது எதுவும் ஒத்துவரவில்லை. பருத்த உடம்பு, லுவோயாங் வெயில் தாங்கவில்லை, படிப்பும் பிடிக்கவில்லை. பழைய தலைநகருக்கு ஓடப் பார்த்தான். பட்டத்தைப் பறித்த அப்பா, கடைசியில் உயிரையும் எடுத்தார்.

சில தலைமுறையில் அந்த மக்கள் ஹான் கூட்டத்தில் கரைந்துவிட்டார்கள். பின்னால் வந்த தாங் வம்சத்துப் பேரரசர் தாய்சோங்கின் அம்மா வழி ஷியன்பெய் வழிதான். இதில் வேடிக்கை, பினாங்கில் எங்கள் பக்கத்து வீட்டு ஹொக்கியன் பாட்டி தன் இனத்தைச் சொல்ல 'தங் லாங்', அதாவது தாங் மக்கள் என்பார். தென் சீனர்கள் பலருக்கும் ஹானைவிட தாங்தான் பெருமை.

அப்புறம் வடகிழக்கிலிருந்து வந்து சீனாவைப் பிடித்து ஆண்ட மஞ்சுக்கள். 1645-ல் ஆண்கள் எல்லோரும் முன்தலையை மழித்துப் பின்னால் சடை விட வேண்டும், மறுத்தால் தலை போகும் என்று ஆணை. உடைக்குப் பணிந்தவர்கள்கூட முடிக்காகச் செத்தார்கள். அந்த மஞ்சு ஆட்சியின் கடைசிக் காலத்தில்தான், ஜப்பான் வழியாக வந்த ஐரோப்பிய இனக் கோட்பாடுகளைப் படித்த இளைஞர்கள் 'ஹான் இனம்' என்று பேச ஆரம்பித்தார்கள். புராண அரசரான மஞ்சள் பேரரசர் எல்லோருக்கும் பொது முப்பாட்டனார். சீர்திருத்த எழுத்தாளர் லியாங் சிச்சாவ் 'சீன தேசிய இனம்' என்ற கருத்தை எழுத்தில் கொண்டுவந்தார். மஞ்சுக்களை விரட்ட ஹான் பேச்சு உதவியது. ஆட்சி கைக்கு வந்ததும் திபெத்தும் மங்கோலியாவும் கைவிட்டுப் போய்விடுமே என்று 1912-ல் ஐந்து இனங்களுக்கு ஐந்து வண்ணக் கொடி ஏற்றினார்கள்.

கம்யூனிஸ்ட் அரசு 1950-களில் உங்கள் இனம் எது என்று கேட்டபோது 400-க்கும் மேற்பட்ட பெயர்கள் வந்தன. அதைச் சுருக்கிச் சுருக்கி, கடைசியாக 1979-ல் ஜினோ மக்களையும் சேர்த்து 56 இனங்கள் என்று முடித்தார்கள். 2020 கணக்கெடுப்பில் ஹான் சுமார் 91 சதவீதம்.

மரபணு என்ன சொல்கிறது என்று அடுத்து கேட்பீர்கள். தென் சீன ஹான் மக்களின் தந்தைவழி பெரும்பாலும் வடக்கோடு ஒத்துப்போகிறது. தாய்வழியில் உள்ளூர்க் கலப்பு மிக அதிகம். வடக்கிலிருந்து இறங்கிய ஆண்கள் தெற்கில் பெண் எடுத்திருக்கிறார்கள் என்று இதைப் புரிந்துகொள்கிறார்கள். ஆனால் அரசு பட்டியல் போட்டபோது மரபணுவைப் பார்க்கவில்லை, மொழியையும் ஒரே மாதிரி பார்க்கவில்லை. கான்டனீஸ்காரர் பேசுவது பெய்ஜிங்காரருக்குப் புரியாது, இருவரும் ஹான். பெய்ஜிங்கில் பக்கத்துத் தெருவில் அதே சீனம் பேசும் ஹுய் முஸ்லிம் மட்டும் தனி இனம்.